இடப்பக்க இருக்கை

வில்மட் துரை கட்டிய காரில் இரண்டே இருக்கைகள். வலப்பக்கம் துரைக்கு, இடப்பக்கம் சபாபதிக்கு. அந்த இடப்பக்கம் தன் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் சபாபதி சோற்றைக் குறைக்கத் தொடங்கினான்.

அவனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முன்பு ரயில் பட்டறை ஒன்றில் இயந்திரம் பூட்டும் பிட்டராக இருந்தான். கித்தா, அதாவது ரப்பர், விலை படுத்ததும் ஊரெங்கும் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை போனவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நாகப்பட்டினத்தில் இறங்கிப் போய் நிற்க சபாபதிக்கு ஒரு வாசலும் இல்லை. அவனும் மனைவி இராஜம்மாவும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தார்கள். ரயில் பாதைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு வெள்ளைக்காரர் கார் செய்கிறார், பிட்டர் தேடுகிறார் என்று கேள்விப்பட்ட அன்றே போய் வாசலில் நின்றான். நின்றவனை வில்மட் துரை மேலும் கீழும் பார்த்தார். கையைப் பார்க்கவில்லை, உடம்பைத்தான் பார்த்தார். ஒல்லியாக இருந்தான். வேலை கிடைத்தது.

துரையும் வேலை போனவர்தான். காப்பார் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மற்றவர்கள் மூட்டை கட்டியபோது அவர் இருந்த பணத்தைப் போட்டு இந்தக் கொட்டகையை எடுத்தார். சீமையில் அப்போது சின்னச் சின்னப் பட்டறைகளில் புதுவகைப் பந்தயக் கார்கள் பிறந்துகொண்டிருந்தன. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் சட்டம், நீண்ட மூக்கு, கூர்ந்த வால், மேலே கூரை கிடையாது. அப்படி ஒன்றை இங்கேயே செய்து, ஓட்டி, ஜெயித்து, கப்பலில் கொண்டுபோய் ஒரு கார் கம்பெனியின் வாசலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் திட்டம். அதைப் பார்த்து அவர்கள் நூறு நூறாகச் செய்வார்கள் என்று நம்பினார்.

முதல் முறை செய்தபோது உடம்புக்குத் தேக்கு போட்டார்கள். வண்டி மாட்டுவண்டி மாதிரி கனத்தது. பிரித்துவிட்டு மெராந்தி மரத்தில் செய்தார்கள். மேலே போட்ட இரும்புத் தகட்டை உரித்து அலுமினியம் போட்டார்கள். கதவுகளை வெட்டி எறிந்தார்கள். அப்புறம் துரை துளை போட ஆரம்பித்தார். பிரேக் கம்பியில் துளை, சட்டத்தில் துளை, இருக்கையின் அடிப்பலகையில் துளை. கித்தாக் கடைகளில் உறைந்த ரப்பர்ப் பால் ஷீட்டை எடை போடுவார்களே, அந்த டாச்சிங் தூக்குக்கோல் ஒன்று உத்தரத்தில் தொங்கியது. கழற்றிய ஒவ்வொரு சாமானையும் அதில் மாட்டி, எத்தனை காத்தி எடை என்று பார்த்த பிறகுதான் திரும்பப் பூட்டுவார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றபோது துரை சபாபதியின் தோளில் தட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். வண்டிக்குப் படம் வரையும் கிராணி கந்தப்பு, யாழ்ப்பாணத்துக்காரர், அதைத் தமிழில் சொன்னார்.

"இந்தக் காரில துரை ஓட்டை போடேலாத ஒரே சாமான் நீதானாம்."

எல்லாரும் சிரித்தார்கள். சபாபதியும் சிரித்தான்.

இடப்பக்கத்தில் அவன் சும்மா உட்கார்ந்து போகவில்லை. பெட்ரோல் தொட்டி வண்டியின் வாலில் இருந்தது. அங்கிருந்து எண்ணெய் முன்னால் இயந்திரத்துக்கு வர வேண்டுமானால் தொட்டிக்குள் காற்றின் அழுத்தம் குறையாமல் இருக்க வேண்டும். அதற்காக இடப்பக்கத்தில் ஒரு கைப்பம்ப். வண்டி ஓடுகிறவரை ஓர் ஆள் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே அதை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். சபாபதி அடித்தான். முதல் தடவை கிள்ளான் சடக்கில், பத்துத்திகா தாண்டி வரும் நேர்ச் சாலையில், துரை வண்டியை முழு வேகத்தில் விட்டபோது இருபுறமும் கித்தா மரங்கள் ஒரே சுவராகிவிட்டன. கண்ணில் நீர் வந்தது. பம்பை விடாமல் அடித்துக்கொண்டே அவன் ஏதோ கத்தினான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியாது. ரயில் பட்டறையில் அவன் எத்தனையோ இயந்திரங்களைப் பழுது பார்த்திருந்தான். ஒன்றுகூட அவனை ஏற்றிக்கொண்டு போனதில்லை.

திரும்பி வந்து இறங்கியதும் துரை கையுறையைக் கழற்றியபடி, "வண்டி சீமைக்குப் போகும்போது நீயும் வருகிறாய்" என்றார். அவ்வளவு ஆங்கிலம் சபாபதிக்கே புரிந்தது.

அந்தச் சொல்லை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இராஜம்மாவிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று பயந்தானா, அவளையும் கூட்டிப் போவார்களா என்று கேட்பாள் என்று பயந்தானா, சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் போல.

மார்கழி கடைசியில் துரை ஒருநாள் டாச்சிங்கைக் காட்டி, சபாபதியைத் தொங்கச் சொன்னார். அவன் இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்துக் காலைத் தூக்கிக்கொண்டான். கோல் காட்டிய எடையைப் பார்த்துத் துரை உதட்டைப் பிதுக்கினார். பந்தயத் திடலில் குதிரையேறுகிற மலாய்க்காரன் ஒருவன் இருக்கிறான், இவனில் முக்கால்தான் இருப்பான் என்று கந்தப்புவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து சபாபதி மத்தியானச் சோற்றை நிறுத்தினான். காலையில் கோப்பி, இரவில் ஒரு பிடி. பட்டறையில் தகரவேலை செய்யும் சின்னையாவுக்கு மற்றவர்கள் பட்டினி கிடந்தால் பொறுக்காது. பெரிய உடம்புக்காரர்.

"என்னடா, கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க? கருவாட்டுக் குழம்பு. எடுத்துக்க."

"வேணாண்ணே."

"நாலு நாளா இதே பாட்டு. வயித்துக்கு என்ன, பூட்டு போட்டு சாவிய துரைகிட்ட குடுத்திட்டியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் துரைக்காகத்தான் பட்டினி என்பது தெரிந்துவிட்டதோ என்று சபாபதி பயந்தான். தைப்பூசத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"காவடி எடுக்கறேண்ணே. விரதம்."

சின்னையா கருவாட்டுச் சட்டியைச் சட்டென்று பின்னால் மறைத்தார். "அடப்பாவி, மொதல்லயே சொல்லப்படாதா? விரதக்காரன் மூஞ்சிக்கு நேரா கருவாட்ட நீட்டிட்டேனே. முருகா, மன்னிச்சுக்கப்பா." கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவன் உட்கார்ந்திருந்த பலகையில் இருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

சாயங்காலம் சபாபதி வீடு திரும்புவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. வீடு கழுவி விட்டிருந்தது. மஞ்சள் தண்ணீர் வாசனை. புழங்கிய சட்டிகளை வெளியே வைத்துவிட்டுப் புதுச் சட்டி வாங்கி அடுப்பில் ஏற்றியிருந்தாள் இராஜம்மா. அவளுக்கு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. ஒன்று வயிற்றிலேயே போனது, ஒன்று பிறந்து கண் விழித்துப் பார்த்துவிட்டுப் போனது. பத்துமலைக்கு ஒரு காவடி எடுங்கள் என்று அவள் வருஷம் தவறாமல் கேட்பாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே அவன் தள்ளிவந்தான்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லப்படாதா?" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "சின்னையாண்ணே சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? புள்ள வேணும்னு ஒங்களுக்கும் மனசுல இருந்திருக்கு. நாந்தான் ஒங்கள கல்லுன்னு நெனச்சுட்டேன்."

குனிந்து அவன் காலைத் தொட்டாள். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு அடியோ, ஒரு திட்டோ, அதோடு முடிந்திருக்கும். அவன் கால்களை இழுத்துக்கொண்டு, "எந்திரி" என்று மட்டும் சொன்னான்.

தைப்பூசத்தன்று உண்மையிலேயே காவடி எடுத்தான். ரயிலில் பத்துமலைக்குப் போய், ஆற்றில் குளித்து, மஞ்சள் வேட்டியோடு பால்குடம் கட்டிய காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மரப்படிகளில் ஏறினான். பின்னால் இராஜம்மா, அவளுக்குப் பின்னால் சின்னையா. வேல் வேல் என்று சின்னையாவின் குரல் குகை முழுக்க இடித்தது. சந்நிதியில் நின்றபோது சபாபதி குழந்தைக்காகத்தான் வேண்ட முயன்றான். கண்ணை மூடியதும் டாச்சிங்கின் கோல்தான் தெரிந்தது. எடை இறங்க வேண்டும் என்றே மனசு கேட்டது.

எடை இறங்கியது. துரை முதுகில் தட்டினார். குதிரையேறும் ஆளைப் பற்றிய பேச்சு நின்றது. ஆனால் பங்குனியில் ரவாங் பக்கத்து மேட்டுச் சடக்கில் மோட்டார்க்காரத் துரைமார் ஒரு பந்தயம் வைத்திருந்தார்கள். மேடேறும் ஓட்டத்தில் ஒவ்வொரு காத்தியும் கணக்கு. அதில் ஜெயித்தால் வண்டி நேராகப் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்துக்கு. அதுவரை எடை ஏறக் கூடாது.

பூசம் முடிந்த மறுநாள் இராஜம்மா ஆட்டுக்கறி வாங்கிச் சமைத்திருந்தாள். அவன் தட்டைப் பார்த்துவிட்டு, "பங்குனி உத்திரம் வரைக்கும் நீட்டிக்கறேன்னு வேண்டியிருக்கேன்" என்றான்.

அவள் முகம் ஒரு கணம் வாடியது. விரதம் என்றால் தனிப்பாய். பூசம் வரை அவள் அதை எண்ணியே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எண்ணினாள். பிள்ளைக்காக எடுத்த விரதம் புருஷனை அறையின் அந்த மூலையில் படுக்க வைத்திருந்தது. "சாமி காரியம்" என்று சொல்லிக் கறியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

வாரங்கள் போயின. அவன் கன்னம் ஒட்டியது. கிணற்றில் இரண்டு வாளி இறைத்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாயங்காலத்தில் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் இராஜம்மா பாலும் பழமும் தூக்குச் சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போனாள். விரதக்காரனுக்குப் பாலும் பழமும் ஆகும் அல்லவா.

கொட்டகைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். உத்தரத்தில் தொங்கிய டாச்சிங்கில் அவள் புருஷன் கித்தா ஷீட்டுக் கட்டுப் போலத் தொங்கிக்கொண்டிருந்தான். துரை கோலைப் பிடித்து எடைக் குண்டை நகர்த்தினார்.

"இன்னொரு ரெண்டு காத்தி கொறைச்சியெண்டா, துரை உன்னைப் பாக்கெட்டுக்குள்ள வைச்சே கொண்டு போவார்" என்றார் கந்தப்பு.

"பூசத்துக்கு முன்னாடிலேர்ந்து கொறச்சுக்கிட்டுத்தான வரேன் ஐயா" என்றான் சபாபதி, தொங்கியபடியே, பெருமையாக. "இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்த ரெண்டும் போயிடும்."

சின்னையாதான் முதலில் அவளைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. சபாபதி சொன்னதன் அர்த்தம் அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. இராஜம்மா தூக்கை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டில் அவன் வந்தபோது சோறு வடித்து, மீன் குழம்பு வைத்து, தட்டில் போட்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"சீமைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு துரை சொல்லியிருக்காரு" என்று அவனே தொடங்கினான். "அந்த சீட்டு போச்சுன்னா எல்லாம் போச்சு, இராஜம். மறுபடி வேலையில்லாம நிக்கணும். அப்புறம் நமக்கும் கப்பல்தான்."

"என்னையும் கூட்டிட்டுப் போவாரா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"பட்டினி கெடக்கறேன், கார்க்காகன்னு சொல்லியிருந்தா நானும் ஒங்களோட கெடந்திருப்பேன். சாமி பேரச் சொல்லி என்னைத் தனியா படுக்க வெச்சீங்க. நான் தெனம் வெளக்கு ஏத்தி, எம்புள்ளைக்காக இவரு வாடறாருன்னு ஒங்க கால் வீக்கத்தக் கும்புட்டேன்." குரல் உயரவே இல்லை. தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "இந்தச் சோத்த இப்ப சாப்புடுங்க. சாப்புட்டீங்கன்னா இதப்பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அவன் தட்டில் கை வைத்தான். பிசைந்தான். ஒரு உருண்டை உருட்டினான். அவனுக்கு அவள் மேல் ஆசை இருந்தது, பயம் இருந்தது, வயிற்றில் நெருப்பாகப் பசியும் இருந்தது. உருண்டையை வாய்வரை கொண்டுபோனான். அன்று வியாழக்கிழமை; பந்தயத்துக்கு இன்னும் மூன்று நாள்.

"ஞாயித்துக்கெழம முடிஞ்சதும் சாப்புடறேன்" என்று சொல்லி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

இராஜம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவன் பிசைந்த சோற்றை, அவன் உருட்டிய உருண்டையோடு, ஒரு பருக்கை விடாமல் அவன் கண்ணெதிரே சாப்பிட்டாள். பிறகு தட்டைக் கழுவப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ரவாங்கில் நல்ல வெயில். மேட்டின் அடியிலும் உச்சியிலும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் குடை பிடித்து நின்றன. வண்டி பச்சை வர்ணத்தில் பளபளத்தது. சபாபதி ஏறி உட்கார்ந்தபோது கால்கள் தன்னுடையவை போல இல்லை. கொடி விழுந்தது. முதல் வளைவு வரை எல்லாம் சரியாகப் போனது. பம்பு அடித்தான், முள் நின்ற இடத்தில் நின்றது. இரண்டாவது வளைவில் இயந்திரத்தின் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. கண்ணெதிரே மின்மினிகள் பறந்தன. கையை அசைக்கிறோம் என்றே நினைத்தான். கை மடியில் கிடந்தது.

முள் விழுந்தது. எண்ணெய் வராமல் இயந்திரம் இருமியது, நின்றது, கடைசிச் சொட்டில் திடீரென்று ஒரு துள்ளு துள்ளியது. வளைவின் நடுவில் அந்தத் துள்ளலைத் துரை எதிர்பார்க்கவில்லை. வண்டி பக்கவாட்டில் வழுக்கிச் சாலையோரச் சாக்கடைக் கானுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டது. துரைக்கு நெற்றியில் காயம். சபாபதிக்குக் காயம் எதுவும் இல்லை. ஆனால் அவனைத் தூக்கித்தான் வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அவன் பட்டறைக்கு வந்தான். அடி விழும், வேலை போகும் என்று தயாராக வந்தான். துரை அவனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அச்சை நிமிர்த்தப் போய்விட்டார். கந்தப்புதான் மேசைக்குக் கூப்பிட்டார்.

"இஞ்ச வா. துரை உன்னில பிழை சொல்லேல்லை. பம்பிலதான் பிழையெண்டார். ஒரு காரின்ர உயிர் ஒரு மனுசன்ர கையில இருக்கக் கூடாதாம், வடிவமைப்பே பிழையாம். சிங்கப்பூரிலயிருந்து கரண்டு பம்பு ஒண்டு வருது. உள்ளங்கை அளவு." விரித்திருந்த படத்தில் பென்சிலை வைத்தார். "இடப்பக்கத்துக்கு அலுமினிய மூடி. இனி அதில ஆள் இல்லை."

சபாபதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இப்ப இன்னும் கொறஞ்சிருக்கேன் ஐயா. தூக்கிப் பாருங்க."

"எடையில்லையடா பிரச்சினை."

"சீமைக்கு வரச் சொன்னாரு, ஐயா."

கந்தப்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் சொன்னவர்" என்றார். "போன வருசம். நான் சீமைக் குளிருக்கெண்டு என்ர மனுசிக்குக் கம்பளிச் சட்டைக்கு அளவும் எடுத்துப் போட்டன்."

மூடியைச் சின்னையா அடித்து வளைத்துக் கொடுத்தார். பொருத்தி ஆணி அறைய வேண்டியது பிட்டரின் வேலை. "நான் அடிக்கறேன், நீ போய் உக்காரு" என்று சின்னையா எத்தனையோ தடவை சொன்னார். சபாபதி கேட்கவில்லை. வீங்கிய காலை மடக்க முடியாமல், வண்டியின் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, விளிம்பு முழுக்க ஆணிகளை அறைந்தான். வேலை சுத்தமாக இருந்தது. துரை விரலால் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். சித்திரையில் வண்டி துரையை மட்டும் ஏற்றிக்கொண்டு மேட்டைக் குறைந்த நேரத்தில் ஏறி முடித்தது. சாக்குப் போட்டுக் கட்டி, கிள்ளான் வழியாகத் துறைமுகத்துக்கு ரயிலேற்றினார்கள். துரையும் போனார். கொட்டகையைப் பூட்டினார்கள்.

அதற்குப் பிறகு சபாபதி சாப்பிட முயன்றான். இராஜம்மா கேட்டதையெல்லாம் செய்து போட்டாள். பழையதை ஒரு வார்த்தையும் கிளறவில்லை. ஆனால் சோறு உள்ளே தங்கவில்லை. வீக்கம் காலிலிருந்து தொடைக்கு ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது. சின்னையா ரிக்‌ஷா பிடித்து இருவரையும் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே அவனைக் கட்டிலில் கிடத்தினார்கள். டாக்டருக்கு அடுத்தபடியாக நோயாளிகளைப் பார்க்கும் டிரஸ்ஸர் ராதாகிருஷ்ணன் காலை அழுத்திப் பார்த்தார். அழுத்திய குழி வெகுநேரம் அப்படியே இருந்தது. இராஜம்மாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, வீக்கம் இதயத்தைப் பிடித்துவிட்டது, இனி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னார். பிறகு கட்டிலருகே வந்து, "இவ்வளவு நாளு சோறு தண்ணி இல்லாம எப்படிம்மா விட்டு வெச்சீங்க?" என்றார்.

"விரதம் இருந்தாருங்க. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தாரு" என்றார் சின்னையா அவசரமாக.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த கிழவர் எழுந்து உட்கார்ந்தார். "காவடி எடுக்க விரதம் இருந்தா இப்படி ஆச்சு? கொடுத்து வெச்ச உசுரு." கைகூப்பினார். கட்டில் கட்டிலாகத் தலைகள் திரும்பின. யாரோ விபூதி வேண்டும் என்று கேட்டார்கள்.

சபாபதி கண்களை இறுக மூடிக்கொண்டான். அப்படியே விட்டிருந்தால் அவன் ஒரு பக்தனாகப் போயிருப்பான். இராஜம்மாவும் ஒரு பக்தனின் விதவையாக மரியாதையோடு இருந்திருக்கலாம். சின்னையாவின் கண்கள் அவளிடம் அதைத்தான் கெஞ்சின.

"சாமிக்கு இல்லீங்க" என்றாள் இராஜம்மா. "ஒரு கார்ல உக்கார்றதுக்கு."

டிரஸ்ஸர் புரியாமல் அவளைப் பார்த்தார். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்; மெல்ல நகர்ந்து போனார். கிழவரின் கூப்பிய கை இறங்கியது.

சபாபதி கண்ணைத் திறந்தான். மார்கழிக்குப் பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான். கோபம் இல்லை. எதையோ இறக்கி வைத்தவன் போல மூச்சு விட்டான்.

"கஞ்சி இருக்கா?" என்றான்.

அவள் தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டினாள். இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, மறுபடியும் கரண்டியை நிரப்பினாள்.